மேட்டில் இறங்கியவள்

எங்கள் பக்கத்தில் ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் பெட்டி கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பினால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. பிரசவம். மகளுக்கோ மருமகளுக்கோ குழந்தை பிறக்கப்போகிறது, குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும், கிளம்பிவிட்டாள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் நானும் என் வீட்டுக்காரரும் பேக்கரி நடத்துகிறோம். பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்துபோன அன்றே செய்தி பரவிவிட்டது. டீ குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர், “எத்தினி மாசங்க?” என்று கேட்டார்கள். எனக்கு இருப்பது ஒரே பையன், ஓசூரில் வேலை பார்க்கிறான், அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னால், “அப்பறம் எதுக்குங்க போறீங்க?” என்று அடுத்த கேள்வி வரும்.

“நாய்வண்டி ஓட்டப் போறங்க” என்பேன்.

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பன்னை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதை எழுதுவது பெருமையடித்துக்கொள்ளத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பின்லாந்து நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, சூரியன் எழும்பவே எழும்பாத குளிர்காலத்தில் போய் நின்றுவிட்டு வந்திருக்கிறோம் நானும் என் சிநேகிதியும். ஏர்க்காடு போகும்போது வாங்கிய ஸ்வெட்டரைத் தவிர அதுவரை குளிருக்கென்று எங்களிடம் ஒரு துணியும் இருந்ததில்லை. ஆனாலும் நான் பெருமைப்படுவது என்னைப் பற்றி இல்லை. நான் அங்கே செய்ததெல்லாம் விழுந்ததும் உட்கார்ந்ததும்தான். பெருமையெல்லாம் அவளைப் பற்றித்தான்.

அவள் பாப்பிரெட்டிப்பட்டிக்காரி. தர்மபுரியில் பெண்கள் விடுதியில் ஒரே அறையில், ஒரே வாளியைப் பங்குபோட்டுக் குளித்த காலத்திலிருந்து பழக்கம். கட்டிக்கொடுத்ததும் உள்ளூரிலேயே அமைந்துவிட்டது அவளுக்கு. தக்காளி, மஞ்சள், கொஞ்சம் கரும்பு என்று வெள்ளாமை. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு மண்ணைப் பற்றித் தெரியாதது இல்லை, ஆனால் ஸ்டியரிங் என்றால் ஆகாது. பழகப் பார்த்து வேலியில் ஏற்றிவிட்டு அதோடு விட்டுவிட்டார். அதனால் தக்காளி ஏற்ற, குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கியபோது இவள்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில் பிளாஸ்டிக் கிரேட் கிரேட்டாகத் தக்காளியை ஏற்றி, மஞ்சவாடிக் கணவாயில் ஏறி இறங்கி, சேலம் மார்க்கெட்டில் லோடை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிட வீட்டுக்கு வந்து நின்றுவிடுவாள். பத்து வருஷத்துக்கு மேல் இப்படித்தான். வண்டியில் ஒரு கீறல் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கணவாயில், ஒரு வளைவில், எதிரே வந்த லாரி தன் பக்கத்தை விட்டு இவள் பக்கம் ஏறிவிட்டது. சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி சாய்ந்துவிட்டது. ரோடெல்லாம் தக்காளி. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு தப்பித்தாள், வேறு யாருக்கும் அடி இல்லை. லாரிக்காரன் நிற்கவே இல்லை. கூடிய கூட்டத்தில் ஒரு ஆள், “பொம்பள கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்” என்று சொன்னானாம். இவளை நசுங்கின கதவு வழியாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போதே சொன்னானாம். அந்த ஆள் இன்றைக்கு என் எதிரில் வந்தால் அவனுக்கு டீ கிடையாது.

எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது. இவள்தான் அப்புறம் வண்டிப் பக்கமே போகவில்லை. கண் சரியில்லை என்றாள். கண் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னபிறகும் ஒரு கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கண் சரியில்லை என்றே சொன்னாள். தினமும் கூலிக்கு ஒரு ஆக்டிங் டிரைவர் வந்து லோடு ஏற்றிப் போனான். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து போனார். அவர் இவளை ஓட்டச் சொல்லவும் இல்லை, ஓட்டாதே என்று சொல்லவும் இல்லை. சொந்தபந்தம் அத்தனையும், “இப்பத்தான் நல்ல முடிவு எடுத்திருக்க, வூட்டுல நிம்மதியா இரு” என்று பாராட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிச் சாவியை ஆக்டிங் டிரைவர் கையில் கொடுக்கும்போது அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அதை நான் பார்த்துவிட்டேன். அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எதற்கும் பயப்படாதவள் பயந்தால் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் திரும்ப ஓட்ட வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு மாசம் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இதை மனதில் வைத்துத்தான் நாய்வண்டிப் பயணத்துக்கு நான் திட்டம் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு மூளை எனக்கு இல்லை. கடையில் ஓவனில் பன் வேகிற நேரத்தில் செல்போனில் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளை வெளேரென்ற வெட்டவெளியில் ஒரு பெண் தன்னந்தனியாக நாய்கள் பூட்டிய வண்டியில் போய்க்கொண்டிருப்பதை ஒருநாள் அதில் பார்த்தேன். அவ்வளவுதான். அதன்மேல் பைத்தியமாகிவிட்டேன். வருஷக்கணக்கில் பணம் சேர்த்தேன். கூட வா என்று இவளை நச்சரித்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்.

“நீ ஓட்டு. நான் பொட்டியாட்டம் முன்னால உக்காந்துட்டு வரன். என்னை எதையும் புடிக்கச் சொல்லக் கூடாது.”

சரி என்றேன்.

பெங்களூரிலிருந்து ஏறி, இரண்டு இடத்தில் மாறி, கடைசியாக ஒரு சின்ன விமானத்தில் போய் இறங்கினோம். மூக்குக்குள் முடியெல்லாம் விறைத்துக்கொள்வது தெரிந்தது. இருமினால் நெஞ்சு வலித்தது. நடுமத்தியானத்தில் கொஞ்ச நேரம் மட்டும் வானம் நீலமாக வெளுக்கும், அப்புறம் திரும்ப மங்கிவிடும். தங்கின மரவீட்டில் அடுப்பு இருந்தது. பையில் கொண்டுபோன கேழ்வரகு மாவில் களி கிண்டி, கடையில் வாங்கிய மீனில் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். ஒகேனக்கல் மீனுக்கு அது கிட்டே வராது என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு மூன்று துண்டு சாப்பிட்டாள். வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும் என்கிறார்களே, அதைப் பார்க்கவில்லை. இருந்த ராத்திரி அத்தனையும் மேகம். திரும்பி வந்தபிறகு எல்லாரும் அதை மட்டும்தான் கேட்கிறார்கள். இல்லை என்றால், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

நாய்ப்பண்ணைக்குப் போன முதல் நாள் பழக்கிக்காட்டுவதற்கு மட்டும். பண்ணையில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு பெண். எங்கள் பிள்ளைகள் வயசு இருக்கும், சிரிப்பது அபூர்வம். தலை முதல் கால் வரை ஒரே துணியில் தைத்த சிவப்பு உடுப்பை எங்களுக்கு மாட்டிவிட்டாள். அதைப் போட்டதும் இரண்டு பேருக்கும் இடுப்பு எங்கே என்றே தெரியவில்லை. வண்டி ரொம்பச் சாதாரணமானது. சக்கரம் இல்லை, பனியில் சறுக்க அடியில் இரண்டு நீளக் கட்டை. முன்னால் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம். ஓட்டுகிறவர் பின்னால் அந்தக் கட்டைகளின்மேல் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுவில் காலால் மிதிக்கிற பிரேக். கடிவாளமும் இல்லை, சாட்டையும் இல்லை. நாய்கள் நான் நினைத்ததுபோல் புசுபுசுவென்று இல்லை. ஒல்லியாக, நம் தெருநாய் அளவில் இருந்தன. பூட்டுகிற வரைக்கும் அவை போடுகிற கூச்சல் காதைக் கிழித்தது.

அந்தப் பெண் நிறையப் பேசவில்லை. ஏறு என்றால் ஏறு, மிதி என்றால் மிதி. கையை மட்டும் விடவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் ஏறி நின்றேன். கிளம்பியது. முதல் வளைவிலேயே வண்டி ஒரு பக்கம் போனது, நான் இன்னொரு பக்கம் போனேன். முகம் முழுக்கப் பனி. இன்னொரு தடவை ஏறினேன், இன்னொரு தடவை விழுந்தேன். பைத்தியம் பிடித்து, பணம் சேர்த்து, கண்டம் தாண்டி வந்தவளுக்கு நின்று ஓட்ட வரவில்லை. என் வீட்டுக்காரர் இதைப் பார்த்திருந்தால் சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டியிருப்பார்.

வழிகாட்டிப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாளைக்குப் பெரிய பயணம், உறைந்த ஏரியைக் கடந்து, குன்றின்மேல் உள்ள குடிசைக்குப் போய் வரவேண்டும், உங்களை நம்பி நாய்களைத் தர முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். உங்கள் தோழி ஓட்டினால் போகலாம். இல்லாவிட்டால் பனியில் ஓடுகிற மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டி, அதில் இரண்டு பேரையும் உட்காரவைத்து இழுத்துப் போவோம் என்றாள்.

நான் இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேனே. பெட்டியிலேயே போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அது இமையிலேயே உறைந்துபோனது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“அழுவாதடி, அசிங்கமா இருக்குது,” என்றாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, “நாளைக்கி நான்” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அப்போதே பண்ணைக்குள் ஒரு சுற்று ஓட்டியும் காட்டினாள். விழவில்லை. “உனக்காகத்தான். ஒரே ஒரு தடவ,” என்றாள் என்னிடம்.

மறுநாள் காலை, காலை என்று சொல்லவே மனம் வரவில்லை, அரையிருட்டில் கிளம்பினோம். முன்னால் அந்தப் பெண் தன் வண்டியில், பின்னால் நாங்கள். நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன், அவள் என் தலைக்குப் பின்னால் நின்றாள். கட்டவிழ்த்த அந்த நொடியில் நாய்களின் கூச்சல் அப்படியே நின்றுவிட்டது. ஓட ஆரம்பித்ததும் ஒரு சத்தம் இல்லை, கட்டை பனியில் தேய்கிற சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில் அவள் மூச்சு எனக்குக் கேட்டது. கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்ததில் வண்டியே நடுங்குவதுபோல் இருந்தது. நாய்கள் ஓடிக்கொண்டே மலம் கழித்தன. அந்த நாற்றம் நேராக என் முகத்துக்கு வந்தது. இதைச் சொல்லி அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று பார்த்தேன். நடக்கவில்லை.

ஏரிக்கரை வந்தது. கரையில் ஏறுவதற்கு ஒரு சின்ன மேடு. நாய்கள் குனிந்து இழுத்தன, வேகம் குறைந்தது. அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். வண்டியை விட்டு இறங்கிவிட்டாள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறும்போது வண்டிக்காரன் மேலே உட்கார்ந்திருக்க மாட்டான். குதித்து இறங்கிக் கூடவே நடப்பான். வண்டியில் வேறு யார் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். மாடு முக்கி இழுக்கும்போது ஒருத்தன் மேலே உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள். மாட்டுக்கு மட்டும் இல்லை, வத்தல்மலை ஏற்றத்தில் மொபெட் திணறினால்கூடப் பின்னால் இருப்பவர் சொல்லாமலே இறங்கி நடப்பார். அவள் மாட்டுவண்டிக்காரரின் மகள். முன்னால் ஒரு ஜீவன் முக்குவதைக் கண்டதும் அவள் கால் தானாக இறங்கிவிட்டது. இறங்கினவள் கையையும் எடுத்துவிட்டாள், பக்கத்தில் நடந்து வரலாம் என்று.

மாடாக இருந்தால் மெல்ல ஏறியிருக்கும். நாய்களுக்கோ பாரம் குறைந்ததும் குஷி பிறந்துவிட்டது. ஒரே தாவு. மேட்டைத் தாண்டி, ஏரியின்மேல் இறங்கி, என்னை மட்டும் சுமந்துகொண்டு பறந்தன. பின்னால் அவள் கத்துவது கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கனமான உடுப்போடு ஓடிவந்தாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள், திரும்ப விழுந்தாள். அப்புறம் பனித்தூளில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என் உயிரைப் பற்றிப் பயம் வரவில்லை, சத்தியமாக. போச்சு, எல்லாம் போச்சு, இவள் இனிமேல் எதையும் தொடமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

நாய்கள் முன்னால் போன வண்டியை எட்டிப் பிடித்துத் தாமாகவே மட்டுப்பட்டன. வழிகாட்டிப் பெண் தன் வண்டியின் இரும்புக் கொக்கியைப் பனியில் ஊன்றி நிறுத்திவிட்டு, ஓடிவந்து எங்கள் முன் நாயைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், நான் முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்ததும், எங்கள் வண்டிக்கும் கொக்கி போட்டாள். நாய்களை விட்டுவிட்டுத் தன்னால் போக முடியாது, நானும் போகக் கூடாது என்றாள். அதனால் இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையான அந்தப் பரப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மெல்ல மெல்ல நடந்து வந்தது.

வந்து சேர்ந்தபோது அவள் புருவமெல்லாம் வெளுத்திருந்தது. மூச்சு வாங்கியது. “ஒனக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று என் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாத்தியா? நான் தொட்டா எல்லாம் கவுந்துடும்னு எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் எதையும் புடிக்கமாட்டன்னு சொன்னன்.”

இரண்டு வருஷமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. கண்ணும் இல்லை, கண்ணாடியும் இல்லை. உள்ளே கிடந்தது இதுதான். எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு கோபம்.

“எதுடி கவுந்துச்சு? காட்டு பாக்கலாம். வண்டி நிக்குது. நாயெல்லாம் நிக்குது. நான் ஒரு நகக்கீறல் இல்லாம உக்காந்திருக்கறன். நீ ஒருத்திதான் பனியில பொரண்டு வந்திருக்க. எறங்கக் கூடாத எடத்துல எறங்கி நடந்தா அப்பிடித்தான். அன்னிக்கிம் அந்த லாரிக்காரன்தான் தப்பு பண்ணான். நீ ஒடிச்சிருக்கலன்னா ஒன்ன நாங்க தூக்கிட்டு வந்திருப்போம். ஓட்டத் தெரிஞ்சதுனாலதான்டி நீ உசுரோட இருக்கற!”

கத்தின கத்தலில் நாய்கள்கூடத் திரும்பிப் பார்த்தன. வழிகாட்டிப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இவர் தவறி விழுந்தாரா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, இறங்கினாள் என்றேன். ஏன் என்றாள். எனக்குத் தெரிந்த பேக்கரி ஆங்கிலத்தில், மேடு, மாடு, பாரம், பாவம் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அந்தப் பெண் தூரத்திலிருந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவை ஓட்ட வருகிறவர்கள் பயத்தில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், மேட்டில் நாய் திணறுவது அவர்கள் கண்ணுக்கே படாது, நாய்க்காக இறங்கின ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். இறங்க நினைத்தது சரி, கையை விட்டதுதான் தப்பு. சொல்லிவிட்டு எங்கள் வண்டியில் ஏறிக் காட்டினாள். ஒரு கால் கட்டையின்மேல், இன்னொரு காலால் தரையை உந்தித் தள்ளு. நாய்களோடு சேர்ந்து நீயும் வேலை செய். கை மட்டும் இங்கேயே இருக்கட்டும்.

நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. இவள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது என்ன செய்யலாம் என்று அந்தப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றால் உங்கள் வண்டியை என் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பிவிடலாம், ஒன்றும் அவமானம் இல்லை என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது கிடையாது.

அவள் எழுந்தாள். முட்டியிலிருந்த பனியைத் தட்டினாள். கண்ணாடி உறைந்து வெள்ளையாகிக் கிடந்தது, அதைக் கழற்றி உடுப்புக்குள் திணித்துக்கொண்டாள். கட்டைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தாள்.

“போலாம்னு சொல்லு அந்தப் புள்ளகிட்ட.”

குன்று எங்கள் கணவாயில் கால்வாசிகூட வராது, ஆனால் ஏற்றம் செங்குத்து. நாய்கள் குனிந்தன. எனக்குப் பின்னால் தொப், தொப் என்று அவள் கால் தரையை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு உதைக்கும் வண்டி முன்னால் எழும்பியது. “ஏய்... வா வா வா... இழு சாமி, இழு... அந்தக் கடைசிக் கறுப்பா, ஏமாத்தற நீ, நான் பாத்துட்டுத்தான் இருக்கறன்!” என்று நாய்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். பின்லாந்து நாய்களுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி பேச்சு புரிந்ததோ இல்லையோ, அந்தக் கறுப்பு நாய் கயிற்றை விறைப்பாக இழுக்க ஆரம்பித்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இத்தனை ஜீவன்களும் இவளும் முக்கும்போது நான் மட்டும் மூட்டைபோல் உட்கார்ந்திருப்பது எப்படி?

“நான் எறங்கிக்கட்டுமாடி?”

“கம்முனு உக்காருடி! எறங்கின, அப்பிடியே உட்டுட்டுப் போயிருவன்!”

அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அடங்கி உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

உச்சியில் தெற்கே பார்த்தால் அடிவானத்தில் மட்டும் சிவப்பு ஓடியது. சூரியன் அதற்குமேல் வரமாட்டேன் என்றது. குடிசை அங்கே இல்லை, குன்றின் மறுபக்கச் சரிவில் இருந்தது. இறக்கத்தில் அவள் ஓட்டினதைத்தான் நான் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். வளைவு வரும் முன்னாலேயே பிரேக்கை மிதித்து, வளைவில் விட்டு, முடிந்ததும் திரும்ப மிதித்தாள். கயிறு ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. அவள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி வந்தது. லோடு வண்டியோடு கணவாயில் பத்து வருஷம் இறங்கினவளுக்கு இறக்கத்தைச் சொல்லியா தர வேண்டும்? முன்னால் போன பெண் இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

குடிசை வாசலில் நாய்களுக்கு மாமிசத் துண்டு போட்டபடி அந்தப் பெண் இவளிடம் நேராகக் கேட்டாள், ஊரில் ஏதாவது ஓட்டுவீர்களா என்று.

“எஸ். லோடு வண்டி. டொமேட்டோ,” என்றாள் இவள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “டிரைவர்” என்றாள்.

அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு இவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குக் கொடுக்கிற மரியாதை அது. எனக்குக் கை கொடுக்கவில்லை. நியாயம்தானே. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு, என் பையன் பாஸானபோதுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இவள் என் சிநேகிதி என்று அந்தக் காட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அங்கே ஆள்தான் இல்லை.

உள்ளே நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூப்பைக் குடித்தோம். செல்போனில் கொஞ்சம் சிக்னல் வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே சாயங்காலம். அண்ணன் தோட்டத்தில் இருந்தார், ஆட்கள் தக்காளி பறிக்கிற சத்தம் கேட்டது.

“ஏங்க, சாப்ட்டீங்களா? நான் நல்லாத்தான் இருக்கறன். ம்... குளுருதான். ஏங்க, ஒண்ணு சொல்லணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆக்டிங் டிரைவரு அடுத்த வாரத்துல இருந்து வேணாம்னு சொல்லிடுங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. ஆட்கள் பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினார். இரண்டு வருஷமாக ஒன்றும் சொல்லாத மனுஷன் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நானும் காதைக் கொடுத்தேன்.

“எப்ப வர்ற?” என்றார்.

“ஞாயித்துக்கெழம வூட்டுல இருப்பன்.”

“அப்ப திங்கக்கெழமைக்கி லோடு சொல்லிடட்டுமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லிடுங்க” என்றாள்.